அளவுச் சட்டை

வீட்டில் பீரோ இருக்கிறதல்லவா? ஒரு நிமிடம் எழுந்து போய்த் திறந்து பாருங்கள். அப்புறம் வந்து இந்தப் பக்கத்தைப் படிக்கலாம், அவசரமில்லை.

பனியனை எடுங்கள். 85, 90, 95 என்று ஏதாவது ஓர் எண் இருக்கும். அது மார்பின் சுற்றளவு, சென்டிமீட்டரில். முழுக்கைச் சட்டையை எடுங்கள். காலருக்கு உள்ளே 39, 40, 42. இதுவும் மார்பு என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். ஆபீஸுக்குப் போட்டுப்போகும் ரெடிமேட் சட்டைகள் பெரும்பாலானவற்றில் அது கழுத்தளவு! பேன்ட்டில் 34 என்று இருக்கிறதே, அது இடுப்பு. ஆனால் சென்டிமீட்டர் இல்லை, அங்குலம். டி-ஷர்ட்டில் எண்ணே கிடையாது. எஸ், எம், எல் என்று வெறும் எழுத்து. அடித்தட்டில் மடித்து வைத்த வேட்டிக்கு வாருங்கள். நாலு முழம், எட்டு முழம்.

ஒரே ஆள். ஒரே உடம்பு. ஒரே பீரோவுக்குள் ஐந்து விதமான அளவு. யார் எப்போது யாரை அளந்து இந்த எண்களையெல்லாம் போட்டார்கள் என்று நாம் கேட்டதே இல்லை. நானும் கேட்டதில்லைதான். சங்கரன்கோவிலில் என் நண்பர் ஒருவருக்கு ஜப்பானிலிருந்து ஒரு சட்டை வந்து சேரும்வரை.

நண்பர் விசைத்தறிக்காரர். நாலு தறி வைத்து காட்டன் சேலை நெய்கிறார். சங்கரன்கோவிலின் நெசவுத் தெருக்களில் நடந்திருக்கிறீர்களா? பேசினால் எதிரே நிற்பவருக்குக் கேட்காது. தறிச் சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றிப் பேசிப்பேசி, வீட்டுக்குள்ளும் அப்படியே பேசுகிற மனிதர்கள். நண்பரின் மகன் டோக்கியோவில் கம்ப்யூட்டர் வேலை. நாலு வருஷமாக ஊருக்கு வரவில்லை. ஆடித் தபசுக்கு அப்பா புதுச்சட்டை போடுவார் என்பது தெரியும். அனுப்பி வைத்துவிட்டான்.

பெரிய கம்பெனி சட்டை இல்லை அது. ஜப்பானில் இந்த மாதிரிச் சின்னச் சின்ன ஆடவர் துணிக்கடைகள் நிறைய உண்டு. அவர்களே வடிவமைப்பார்கள். ஓர் ஊரில் துணி வாங்கி, இன்னோர் ஊரில் தைக்கக் கொடுத்து, சீசனுக்குக் கொஞ்சம் உருப்படிகள் மட்டும் போடுவார்கள். தீர்ந்தால் தீர்ந்ததுதான். மறுபடி அதே சட்டை வராது. கடல் தாண்டி வந்தபிறகு மாற்றித் தாருங்கள் என்று கேட்கவும் முடியாது.

சட்டை என்னவோ அருமையான சட்டை. கட்டம் போட்ட பருத்தி. உள்லேபிளில் துணி இந்தியாவில் நெய்தது, தையல் ஜப்பான் என்றிருந்தது. மெட்ராஸ் செக்! நண்பர் துணியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். தறிக்காரர் கை அல்லவா, பொய் சொல்லாது. "நம்ம பக்கத்துத் துணிதான்யா" என்றார். போட்டுப் பார்த்தார். தோள் இறுக்கியது. மூன்றாவது பட்டனும் நாலாவது பட்டனும் ஒன்றையொன்று பார்த்து முறைத்துக்கொண்டு நின்றன. லேபிளில் இருந்தது எம். அவர் வழக்கமாகப் போடுவதும் எம்தான்.

சட்டையைக் கழற்றி மடித்து வைத்தவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "பயலுக்கு எம் உடம்பு மறந்துபோச்சு."

மகன் மறக்கவில்லை. எம் என்றுதான் சரியாக ஞாபகம் வைத்திருந்தான். குற்றவாளி அந்த 'எம்'. அதைப் பிடிக்க வேண்டுமென்றால் நாம் கொஞ்சம் ஊர் சுற்ற வேண்டும்.

முதலில் துணி. ஜப்பான் கடைக்காரருக்கு மெட்ராஸ் கட்டம் எப்படித் தெரிந்தது? நேராக நம்மிடமிருந்து போகவில்லை, அமெரிக்கா வழியாகப் போனது. 1958-ல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்கத் துணி இறக்குமதியாளர் இந்தியா வந்தார். கேப்டன் சி.பி.கிருஷ்ணன் நாயரிடம் (பிற்பாடு லீலா ஹோட்டல்களைத் தொடங்கியவர், அவரேதான்) கஜம் ஒரு டாலர் விலைக்கு மெட்ராஸ் கைத்தறிக் கட்டத்துணி வாங்கினார். அதில் 10,000 கஜம் நியூயார்க்கின் பழம்பெரும் கடையான ப்ரூக்ஸ் பிரதர்ஸுக்குப் போனது. சாயம் போகும், தனியாகக் குளிர்ந்த நீரில் அலசுங்கள் என்ற எச்சரிக்கை மட்டும் சட்டை வாங்கியவர்கள் வரை போய்ச் சேரவில்லை. வாஷிங்மெஷினில் போட்டார்கள். சாயம் ஒன்றோடொன்று கலந்து ஓடியது. வழக்கு, வக்கீல் என்று பேச்சு கிளம்பியது. நாயரும் மற்றவர்களும் குற்றத்தையே குணமாக்கினார்கள். 'செவன்டீன்' பத்திரிகையில் பக்கம் பக்கமாக இந்தச் சாயம் போகும் அதிசயத் துணியைப் பற்றிக் கட்டுரை வந்தது. சாயம் போவதற்கு உத்தரவாதம் என்றே விளம்பரம் செய்தார்கள். துவைக்கத் துவைக்க நிறம் மாறும் சட்டைக்கு அமெரிக்கக் கல்லூரிப் பையன்கள் வரிசையில் நின்றார்கள். நம் ஊரில் சாயம் போகும் சேலையை விற்றுவிட்டு இப்படி ஒரு விளக்கம் சொல்லிப் பாருங்களேன்!

அந்தக் கல்லூரிப் பையன்களைக் கடலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவர் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கென்சுகே இஷிசு. 1911-ல் ஒகயாமாவில் காகித வியாபாரி வீட்டில் பிறந்தவர். போருக்குப் பிறகு, 1950-களின் தொடக்கத்தில் ஒசாகாவில் தொழில் தொடங்கி, வேன் ஜாக்கெட் என்று ஒரு நிறுவனமாக வளர்த்தார். 1959-ல் அமெரிக்கா போய் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்கள் உடுத்துவதைப் பார்த்துவிட்டு வந்து, அதையே ஜப்பானியப் பையன்களுக்கு விற்க ஆரம்பித்தார். காலரில் பட்டன் வைத்த சட்டை, குட்டையான பேன்ட், மெட்ராஸ் கட்டம். 1964-ல் டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு முன்னால், கின்ஸா பகுதியின் மியுகி தெருவில் இந்த உடையில் வெட்டியாக நின்றுகொண்டிருந்த பையன்களை போலீஸ் பிடித்துக்கொண்டு போனது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு விருந்தாளிகள் முன்னால் மானம் போய்விடுமாம். அந்த விருந்தாளிகள் ஊர் உடைதான் அது!

அடுத்த வருஷம், 1965-ல், இஷிசுவின் ஆட்கள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு கேமராவோடு போனார்கள். டெருயோஷி ஹயாஷிடா எடுத்த படங்கள் 'டேக் ஐவி' என்ற புத்தகமாக வந்தன. வெறும் ஸ்டைல் புத்தகம்தானே என்று தள்ளாதீர்கள். எந்த உடை எப்படி உட்கார வேண்டும், பேன்ட் எங்கே முடிய வேண்டும், கை எவ்வளவு வெளியே தெரிய வேண்டும் என்று ஒரு தலைமுறைக்கே பாடம் எடுத்த படங்கள் அவை. 1978-ல் வேன் ஜாக்கெட் திவாலானது. இன்றைய சின்னக் கடைகள் பல அந்தப் பள்ளிக்கூடத்தின் பேரப்பிள்ளைகள். அமெரிக்கச் சட்டையின் வெட்டை எடுத்தார்கள். ஆனால் அதைப் போடப்போவது ஜப்பானிய உடம்பு. அங்கேதான் நம் நண்பரின் பட்டன் மாட்டிக்கொண்டது.

ஜப்பானில் முன்பு சைஸ் என்ற விவகாரமே பெரிதாகக் கிடையாது. கிமோனோ தைக்கிற துணிச்சுருள் சுமார் 36 சென்டிமீட்டர் அகலம், 12 மீட்டர் நீளம். ஒருவருக்கு ஒரு சுருள். நேர்க்கோட்டில் வெட்டு, நேர்க்கோட்டில் தையல். மிச்சத்துணியை வெட்டி எறியாமல் உள்ளே மடித்துவிடுவார்கள். துவைக்க வேண்டுமென்றால் தையலையே பிரித்து, துண்டு துண்டாக அலசி, திரும்பத் தைப்பதும் உண்டு. அப்பா கிமோனோ பிள்ளைக்குப் பொருந்த வேண்டுமா? பிரித்துத் தைத்தால் ஆயிற்று. நம் வேட்டியும் அதே ஜாதிதான். எட்டு முழ வேட்டி ஒல்லிப்பிச்சானுக்கும் போதும், ஊர்ப் பண்ணையாருக்கும் போதும். கட்டுகிற கை பார்த்துக்கொள்ளும். உடுப்பின் அகலத்தைத் தீர்மானித்தது தறி, உடம்பு இல்லை.

1872-ல் ஜப்பான் அரசு, அரசாங்கச் சடங்குகளுக்கு மேல்நாட்டு உடை என்று ஆணை போட்டது. கோட்டு வந்தது. கோட்டோடு தோள் வந்தது, அக்குள் வந்தது, அளவும் வந்தது. அதற்குப் பத்துவருஷம் முன்னால் அமெரிக்காவிலே உள்நாட்டுப் போர். லட்சக்கணக்கான சிப்பாய்களுக்கு ஒருவர் ஒருவராக அளந்து தைக்க முடியுமா? அளந்து சேர்த்த கணக்குகளைப் பார்த்தபோது, இன்ன மார்புக்கு இன்ன இடுப்பு என்று சில கூட்டணிகள் திரும்பத் திரும்ப வருவது தெரிந்தது. போர் முடிந்ததும் அந்தக் கணக்கு ரெடிமேட் கடைகளுக்குப் பயன்பட்டது. ஆக, நீங்களும் நானும் போட்டிருக்கும் சைஸுக்குப் பின்னால் துப்பாக்கி பிடித்த ஒரு கூட்டம் வரிசையாக நிற்கிறது.

இன்றைய ஜப்பானிய அரசுத் தர அட்டவணையில் ஆண்களுக்கான எம் யார் தெரியுமா? மார்பு 88 முதல் 96 சென்டிமீட்டர், உயரம் 165 முதல் 175. எல் என்றால் மார்பு 96 முதல் 104. அமெரிக்காவிலோ எம் என்பது பெரும்பாலும் 38 முதல் 40 அங்குல மார்பு. சென்டிமீட்டரில் சுமார் 96 முதல் 102. அதாவது அமெரிக்க எம், ஜப்பானில் எல். நம் நண்பருக்கு மார்பு 40 அங்குலம், 102 சென்டிமீட்டர். அவர் அங்கே எம்மே இல்லை!

அப்படியானால் இந்திய எம் யார்? தர்மசங்கடமான கேள்வி. திருப்பூர் உலகத்துக்கே தைத்தது. அந்தந்த நாட்டுக்காரன் கொடுத்த அளவில் தைத்தது. நமக்கென்று ஆட்களை அளந்து ஒரு தேசிய அட்டவணை போடுவதற்கு 2018-ல்தான் திட்டம் அறிவித்தார்கள். மத்திய ஜவுளி அமைச்சகமும் நிஃப்ட் கல்வி நிறுவனமும் சேர்ந்து, 6 நகரங்களில் 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் நிறுத்தி அளப்பதென்று திட்டம். அதுவரை கடன் வாங்கிய உடம்புகளின் பெயரில்தான் நம் கடைகள் சட்டை விற்றுக்கொண்டிருந்தன.

சரி, அந்தச் சின்ன ஜப்பானியக் கடைகள் இந்தக் குழப்பத்தை எப்படிச் சமாளிக்கின்றன? எனக்கு வியப்பாக இருந்த இடம் இதுதான். அவர்கள் எஸ், எம், எல்லை நம்புவதே இல்லை. சில கடைகளில் 1, 2, 3 என்று போடுகிறார்கள். சிலர் 36, 38, 40 என்று பழைய அமெரிக்க வழக்கம். ஆனால் பக்கத்திலேயே, தவறாமல், நாலு அளவு சென்டிமீட்டரில் இருக்கும். தோள், மார்பு அகலம், முதுகு நீளம், கை. உங்கள் உடம்பின் அளவு அல்ல, சட்டையின் அளவு. சட்டையை மேஜையில் பரப்பி, சுருக்கம் நீவி, அக்குளிலிருந்து அக்குள்வரை டேப் பிடித்தால் எவ்வளவோ அது. மார்பு 51 என்று போட்டிருந்தால் பதறாதீர்கள். முன்பக்கம் மட்டும் 51, சுற்றிவந்தால் 102. நண்பர் மார்பும் 102! மூச்சு விட இடமில்லை. ஒரு சட்டைக்கு உடம்பைவிட எட்டுப் பத்து சென்டிமீட்டராவது கூடுதல் வேண்டும்.

சில கடைகள் துவைப்பதற்கு முன் இவ்வளவு, பின் இவ்வளவு என்று இரண்டு வரிசை போடுகின்றன. சுருங்கும் துணியை அப்படியே தைத்து விற்பதில் அவர்களுக்கு ஒரு பெருமை. குறிப்பாக ஜீன்ஸ். ஒகயாமாவின் கோஜிமா என்ற ஊர் அதற்குப் பேர்போனது. அந்த ஊர்க் கதையும் கேட்கத் தக்கதுதான். கடலை மீட்ட உப்பு மண். நெல் வராது, பருத்தி வந்தது. கோயிலுக்குப் போகும் யாத்ரீகர்களுக்குப் பருத்திக் கயிறு பின்னி விற்றார்கள். அப்புறம் காலுறை, அப்புறம் பள்ளிச் சீருடை. 1965-ல் ஜப்பானிலேயே தைத்த முதல் ஜீன்ஸ்களை அங்கேதான் போட்டார்கள். கோயிலும் பருத்தியும் தையலும் ஒன்றாக இருக்கிற ஊர் என்றால் சங்கரன்கோவில்காரருக்கு எதுவும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. அங்கே ஒசத்தியான துணி என்று விலை வைத்து விற்பது, நாடா ஓடுகிற பழைய தறியில் நிதானமாக நெய்த துணியை. டொயோடா என்றால் நமக்குக் கார். ஆனால் சகிச்சி டொயோடா தறிக்காரர். 1924-ல் ஜி-டைப் தானியங்கித் தறி செய்தார். அதன் உரிமையை 1929-ல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸுக்கு விற்றார்கள், கார்க் கம்பெனி 1937-ல்தான் வந்தது. அந்த மாதிரித் தறியில் அகலம் குறைவு, இருபுறமும் கரை சுத்தமாக விழும். நண்பரிடம் இதைச் சொன்னேன். தன் நாலு தறியையும் திரும்பிப் பார்த்தார். "இந்த நாடாத் தறிய எடைக்குப் போடுன்னு பய சொல்லிட்டு இருக்கான். அவன் இருக்க ஊருல இதுக்கு இவ்வளவு மவுசா?"

சரி, சட்டைக்கு வருவோம். தபசு முடிந்து ஒரு வாரம். நானும் அவருமாக, கோயில் பக்கத்தில் முப்பது நாற்பது வருஷமாகத் தைத்துக்கொண்டிருக்கும் டெய்லரிடம் போனோம். அக்குளில் துணி வைத்துப் பெரிதாக்க முடியுமா என்று கேட்கத்தான் போனது. டெய்லர் சட்டையைப் போட்டுப் பார்க்கச் சொல்லவில்லை. வாங்கினார், உள்பக்கம் திருப்பினார், பக்கவாட்டுத் தையலை மூக்குக்கண்ணாடிக்கு அருகே கொண்டுபோனார். ரொம்ப நேரம். துணியின் விளிம்பே தெரியாமல் மடித்து இரட்டைத் தையல். "பிரிக்கப்படாது அண்ணாச்சி. பாவம்."

பிறகு ஒரு கேள்வி கேட்டார்: "ஒங்களுக்கு நல்லாப் பொருந்துத பழைய சட்டை ஒண்ணு இருக்குமே, அத எடுத்துட்டு வாங்க."

அளவுச் சட்டை! ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது அளவு ரவிக்கை கொடுத்து அனுப்புவார்களே வீட்டில், அதுதான். உடம்பைத் தொடாமல், துணியை வைத்து அளப்பது. டோக்கியோ கடைக்காரர் சென்டிமீட்டரில் எழுதி வைத்திருக்கும் சங்கதியும் அதுவேதான். வித்தியாசம் ஒன்றுதான். நாம் அளவுச் சட்டையைக் கடைக்குக் கொண்டுபோகிறோம், அவர் தன் சட்டையையே உங்களுக்கு அளவுச் சட்டையாகக் காட்டுகிறார். உங்களிடம் உள்ள நல்ல சட்டையைப் பாயில் பரப்பி டேப் வைத்தால் கடல் தாண்டியும் சட்டை வாங்கலாம். துவைத்துப் பழகிய சட்டையாக எடுங்கள், புதுசு வேண்டாம். துணியை நனைத்துக் காயவைத்துத்தான் தைக்கக் கொடுக்க வேண்டும் என்று நம் அம்மாக்கள் சொன்னதற்கும் இதே காரணம்.

டெய்லர் பலகையில் பழைய சட்டையைப் பரப்பினார். இஞ்ச் டேப்பைத் திருப்பிப் பிடித்தார். பின்பக்கம் சென்டிமீட்டர் இருக்கிறது, அதை இத்தனை வருஷத்தில் நாலு தடவைகூடப் பார்த்ததில்லை என்று சிரித்தார். தோள் 47. மார்பு 56. நீளம் 74. கை 60. காலண்டர் தாளின் பின்னால் பென்சிலால் எழுதினார். கடைசியில் இன்னொரு வரி சேர்த்தார்: வலது தோள் அரை அங்குலம் இறக்கம்.

நண்பருக்கே அது தெரியாது. "வயசானா ஒரு பக்கம் இறங்கும்" என்றார் டெய்லர். "நம்ம ஊரு சாமிக்கே ரெண்டு பாதியும் வேற வேற அளவுதான, நமக்கு என்ன?" வலப்பாதி சிவனும் இடப்பாதி திருமாலுமாக நிற்கும் சங்கரநாராயணர் சந்நிதி அங்கிருந்து கூப்பிடு தூரம்தான்.

காலண்டர் தாளைப் போட்டோ எடுத்து மகனுக்கு அனுப்பினோம். அன்று ராத்திரியே போன் வந்தது. சட்டையைப் பற்றி ஒரு நிமிஷம் பேசியிருப்பான். மீதி நேரம் வலது தோளுக்கு என்னாச்சு, டாக்டரைப் பார்த்தீர்களா, எத்தனை நாளாக என்றே கேட்டுக்கொண்டிருந்தானாம். நண்பர் அதை என்னிடம் மூன்று முறை சொன்னார்.

பொங்கலுக்கு முன்னால் வேறொரு சட்டை வந்தது. அதே கடை, வேறு கட்டம். லேபிளில் எக்ஸ்எல் என்றிருந்தது. மார்பு 56, துல்லியம். உயரமான ஆளுக்கென்று போட்ட சைஸ் என்பதால் கை மட்டும் நீளம். டெய்லர் ஒன்றரை அங்குலம் குறைத்துக் கொடுத்தார். கூலி வேண்டாமென்று சொல்லிவிட்டார். அதற்குப் பதிலாகச் சட்டையை ஒரு ராத்திரி தன்னிடமே வைத்துக்கொண்டு, உள்தையலைப் பார்த்துவிட்டுத் தருவதாகக் கேட்டார்.

முதலில் வந்த எம் சட்டை பீரோவில் அந்துருண்டையோடு இருக்கிறது. அது மகனுடைய அளவு என்று டெய்லர் சொல்லியிருக்கிறார்.